மைனஸ் நாற்பதும் ஒரு டீசல் காரும்

கனடாவின் சமவெளி மாகாணங்களுக்குக் குளிர்காலத்தில் முதன்முறையாக வந்து சேரும் நம்மவர்கள் பனியைப் பார்த்து வியப்பதில்லை. பனியைத்தான் எதிர்பார்த்து வந்திருக்கிறார்கள். அவர்களை நின்று பார்க்கவைப்பது வேறொன்று. இங்கே நிறுத்தப்பட்டிருக்கும் கார்களின் முன்முகத்திலிருந்து மூன்று முனைகொண்ட ஒரு மின்செருகி வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். அலுவலக வளாகங்களிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பின்புறத்திலும் ஒவ்வொரு காருக்கும் எதிரே இடுப்புயரக் கம்பம் ஒன்று நடப்பட்டு, அதில் ஒரு மின்துளைப் பெட்டி பொருத்தப்பட்டிருக்கும். மாலையில் வீடு திரும்பியவர் மாட்டைக் கொட்டிலில் கட்டுவதுபோலக் காரைக் கம்பத்தில் கட்டிவிட்டு உள்ளே போவார். மின்சாரக் கார்கள் பரவலாவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே வந்துவிட்ட வழக்கம் இது.

அந்தக் கம்பி காரை ஓட்டுவதற்கானதன்று, அதை உறையாமல் காப்பதற்கானது. எஞ்சினுக்குள் சுற்றும் குளிர்விக்கும் திரவத்தைச் சூடாக்கும் ஒரு சிறு ஹீட்டர் அதன் மறுமுனையில் இருக்கிறது. பெரும்பாலும் 400 வாட்டிலிருந்து 1000 வாட்டுக்குள் அடங்கிவிடும், நம் வீட்டு இஸ்திரிப்பெட்டி அளவுதான். குளிர்விப்பதற்கென்று ஊற்றிய திரவத்தை நாமே சூடாக்கவேண்டியிருப்பதில் ஒரு வேடிக்கை உண்டு. இதைப் பரவலாக்கியவர் வட டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரில் ஊரக மின்கூட்டுறவு ஒன்றின் மேலாளராக இருந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன். எஞ்சின் தலைப்பகுதியை இறுக்கும் போல்ட்டுகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் சூடேற்றும் போல்ட் ஒன்றைப் பொருத்துவது அவர் செய்த ஏற்பாடு. 1949 நவம்பரில் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. நான் வசிக்கும் வின்னிபெக் நகரத்தினூடே ஓடும் ரெட் ஆறு அந்த கிராண்ட் ஃபோர்க்ஸைக் கடந்துதான் வடக்கே வருகிறது. ஆறும் குளிரும் அண்டையூர்க்காரர்களாக இருக்க, மருந்தும் அங்கிருந்தே வந்தது.

நான் 2004-இல் இங்கே வந்தேன். நகரத்துக்குத் தெற்கே எழுபது கிலோமீட்டரில் இருந்த ஒரு சிற்றூர் மருத்துவமனையின் ஆய்வகத்தில் வேலை. போய்வர 140 கிலோமீட்டர். எரிபொருள் செலவைக் கணக்கிட்டுப் பார்த்த நண்பர்கள் டீசல் காரே உகந்தது என்றார்கள். ஊரில் அம்பாசடர் டீசலும் ஜீப்பும் பார்த்து வளர்ந்தவனுக்கு அதில் தயக்கம் எழவில்லை. பழைய ஜெர்மானியக் கார் ஒன்றை வாங்கினேன். அந்த ஆண்டு நவம்பர் முடியும் முன்பே பெட்ரோல் காரும் டீசல் காரும் இரண்டு வேறு சாதிப் பிராணிகள் என்பது விளங்கிவிட்டது.

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி உண்டு. பொறி தெறித்தால் கலவை பற்றிக்கொள்ளும். டீசல் எஞ்சினில் பொறி கிடையாது. உள்ளே இழுத்த காற்றைப் பதினெட்டில் ஒரு பங்காக, சில எஞ்சின்களில் இருபதில் ஒரு பங்காக நசுக்குகிறது. நசுக்கப்பட்ட காற்று தானே கொதிக்கிறது. அந்தக் கொதிப்பில் டீசலைத் தூவினால் பற்றிக்கொள்கிறது. சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்கு பம்ப்பின் அடிப்பகுதி சுடுவது தெரியும். அதே தத்துவம்தான். 20 டிகிரியில் இருக்கும் காற்றை அப்படி அழுத்தினால் கணக்குப்படி 500 டிகிரியைத் தாண்டிவிடும். மைனஸ் 40-இல் தொடங்கினால் அந்த உச்சம் 150 டிகிரிக்கும் மேலாகக் குறைந்துபோகிறது. எஞ்சியிருக்கும் சூட்டையும் பனிக்கட்டியாகக் குளிர்ந்திருக்கும் சிலிண்டர்ச் சுவர்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. எஞ்சின் மெதுவாகச் சுழலச் சுழல, அப்படி உறிஞ்சிக்கொள்ள அவற்றுக்கு அவகாசமும் கூடுகிறது.

இந்த எஞ்சினைக் கண்டவரின் வாழ்க்கையில் ஒரு முரண் இருக்கிறது. 1858-இல் பாரிசில் பிறந்த ருடால்ஃப் டீசல், குளிர்பதனத் துறையின் முன்னோடியான கார்ல் வான் லிண்டேயின் மாணவர். படிப்பு முடிந்ததும் அவருடைய நிறுவனத்திலேயே சேர்ந்து ஆண்டுக்கணக்கில் பனிக்கட்டி செய்யும் இயந்திரங்களோடு உழன்றவர். அழுத்தினால் சூடாகும், விரியவிட்டால் குளிரும் என்ற ஒரே விதியின் இரு முனைகளையும் தொட்டவர் என்று அவரைச் சொல்லலாம். பினாங்குப் பக்கத்திலிருந்து லிண்டே கொண்டுவந்த ஒரு தீமூட்டியை, குழாய்க்குள் தண்டை ஓங்கித் தட்டினால் உள்ளேயிருக்கும் பஞ்சு பற்றிக்கொள்ளும் கருவியை, பார்த்தபோதுதான் இந்த எண்ணம் அவருக்குள் விழுந்தது என்று ஒரு கதை சொல்வதுண்டு. 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய எஞ்சின் வெற்றிகரமாக ஓடியது. 1913 செப்டம்பரில் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் ஏறியவர் இரவோடு இரவாகக் காணாமற் போனார். கடலில் பிணமாகத்தான் கிடைத்தார். நெருப்பை அழுத்தத்திலிருந்து பிறப்பித்தவரின் முடிவு குளிர்ந்த நீரில்.

காற்றைக் காட்டிலும் எரிபொருள் தரும் தொல்லைதான் பெரிது. டீசலில் பாரஃபின் என்னும் மெழுகு கலந்தே இருக்கிறது. வெப்பம் இறங்க இறங்க அந்த மெழுகு முதலில் மேகம்போலக் கலங்கித் தெரியும். பிறகு நுண்ணிய படிகங்களாகித் திரளும். படிகங்கள் டீசல் ஃபில்டரில் போய் அப்பிக்கொள்ளும். மேலும் குளிர்ந்தால் எண்ணெய் முழுதும் கூழாகி நின்றுவிடும். ஆகவே இந்நாட்டில் பருவத்துக்கும் பிரதேசத்துக்கும் ஏற்றபடி டீசலின் சேர்மானத்தை மாற்றி விற்கிறார்கள். மண்ணெண்ணெய்க்கு நெருக்கமான இலேசான வகை குளிர்காலக் கலவையில் மிகுந்திருக்கும்.

இதையெல்லாம் என் மாமியாருக்கு நான் விளக்கவேண்டிய நிலை வந்தது. மனைவியின் தலைப்பிரசவத்துக்காக 2006 டிசம்பரில் அத்தை பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்தார். விடியுமுன் நான் காரோடு நடத்தும் மல்யுத்தத்தைச் சன்னல் வழியாகச் சில நாள்கள் பார்த்துவிட்டு, வண்டிக்கு என்ன உடம்புக்கு என்று கேட்டார். பாரஃபின், படிகம் என்று ஏதேதோ சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏனுங்க மாப்பிள்ளை, நம்ம தேங்கா எண்ணெய் மார்கழில கட்டிக்குமே, அதாட்டந்தானுங்களா?" என்றார். அதேதான். தேங்காயெண்ணெய் 24 டிகிரியை ஒட்டிக் கட்டிக்கொள்கிறது. குளிர்கால டீசல் மைனஸ் 30, 40 வரை தாக்குப்பிடிக்கிறது. கணக்கில் மட்டுந்தான் வேறுபாடு. ஊரில் எண்ணெய்ப் பாட்டிலை வெயிலில் வைப்போம், அல்லது வெந்நீர்ச் செம்பில் இறக்குவோம். இங்கே ஃபில்டரைக் கழற்றிச் சமையலறைக்குள் கொண்டுவந்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். எண்ணெய் கட்டாமலிருக்கச் சில திரவங்களும் கடையில் கிடைக்கும். அவற்றைக் கட்டுவதற்கு முன்பே ஊற்றிவிடவேண்டும். கட்டியபின் ஊற்றினால் மெழுகை அவை கரைத்துத் தருவதில்லை.

பேட்டரியும் எஞ்சின் ஆயிலும் இந்தச் சதியின் மற்ற இரு கூட்டாளிகள். பேட்டரிக்குள் நடப்பது வேதிவினை என்பதால் குளிரில் அதுவும் சோம்பிவிடுகிறது. மைனஸ் 18 டிகிரியிலேயே அதன் வலு ஏறத்தாழப் பாதியாகிவிடும். பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் குளிர்த்தொடக்க ஆம்பியர் எண்ணும் அந்த மைனஸ் 18-இல் அளந்ததுதான். ஆயிலோ தேன்பாகாகி எஞ்சினைப் பிடித்துக்கொள்கிறது. வலு பாதியாகும் நேரத்தில் பாரம் பன்மடங்காகிறது. நம் ஊர் மெக்கானிக்குகள் சொல்வதுபோல, "செல்ஃப் எடுக்காது".

எனக்கு இதில் ஆசானாக அமைந்தவர் அடுத்த வீட்டுப் பெரியவர். உக்ரேனிய வம்சாவளியினர். நாற்பது ஆண்டுகள் கோதுமை விவசாயம் செய்துவிட்டு, நிலத்தை விற்றுவிட்டு, நகரத்தில் ஒரு வயதான நாயோடு தனியாக வாழ்ந்துவந்தார். அதிகம் பேசமாட்டார். டிராக்டரோடும் லாரியோடும் வாழ்ந்த காலத்தில் சேர்த்த ஞானத்தை எனக்குத் தவணை முறையில் தந்தார். டேங்க்கைக் குளிர்காலத்தில் பாதிக்குக் கீழே இறங்கவிடாதே, வெற்றிடத்தில் இருக்கும் ஈரம் நீராகி டீசலுக்குள் இறங்கும், அது உறைந்து குழாயை அடைக்கும். சாவியைத் திருப்பியதும் சுருள்வடிவ மஞ்சள் விளக்கு எரியும், ஹீட்டர் பிளக்குகள் காய்கின்றன என்று பொருள், அணையும்வரை காத்திரு. கடுங்குளிரென்றால் சாவியை மீட்டு மறுபடியும் ஒருமுறை காயவிடு. விளக்கு, வானொலி, மின்விசிறி எல்லாவற்றையும் நிறுத்து. கிளட்ச்சை மிதித்துக்கொள், கியர்ப்பெட்டிக்குள் இறுகிக் கிடக்கும் எண்ணெயையும் சேர்த்துச் சுழற்றும் சுமை செல்ஃபுக்கு வேண்டாம். பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதே, ஒரு நிமிடம் ஓயவிட்டு அடி. ஈதரைத் தெளித்துக் கிளப்பலாம் என்று எவனாவது சொன்னால் கேட்காதே, பழுத்துச் சிவந்திருக்கும் ஹீட்டர் பிளக்கில் அது பட்டால் எஞ்சின் உடையும். கிளம்பியபின் உறுமவிடாதே, ஆயில் மேலே ஏறட்டும்.

இவற்றோடு அவர் சொன்ன இன்னொன்று எனக்கு நெடுநாள் அச்சம் தந்தது. கிளம்பாத டீசல் வண்டியால் ஆபத்தில்லை, வேலைக்குப் போகமுடியாது, அவ்வளவுதான். கிளம்பிவிட்டு நிற்கும் வண்டிதான் ஆளைக் கொல்லும் என்றார். குழாயில் ஏற்கெனவே இருக்கும் டீசலை வைத்துக்கொண்டு எஞ்சின் ஓடத்தொடங்கிவிடும். நம்பி நெடுஞ்சாலைக்கு வருவோம். மெழுகு மெல்ல மெல்ல ஃபில்டரை அடைத்து, ஊருக்கும் ஊருக்கும் நடுவே, காற்றுக்கு ஒரு மரமும் மறைப்பில்லாத வெளியில், விக்கி விக்கி நிறுத்திவிடும். எஞ்சின் நின்றால் காருக்குள்ளிருக்கும் சூடு சிறிது நேரத்தில் போய்விடும். அதனால்தான் இங்கே காரில் போர்வையும், தகர டப்பாவுக்குள் மெழுகுவர்த்தியும், தீப்பெட்டியும் வைத்திருக்கச் சொல்கிறார்கள். ஒற்றை மெழுகுவர்த்தி கார் ஒன்றின் உட்புறத்தை உயிர்தாங்கும் அளவுக்கு வைத்திருக்கக்கூடும். டீசலில் திரண்டால் உயிரை எடுக்கும் மெழுகு, டப்பாவில் எரிந்தால் உயிரைக் காக்கிறது.

உலகில் குளிர் கடுமையாகும் இடங்களிலெல்லாம் மனிதர்கள் தத்தமக்கென்று ஒரு வழி கண்டிருக்கிறார்கள். சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரில் ஜனவரியில் மைனஸ் 40 என்பது சாதாரணம். அங்கே வெளியில் நிறுத்திய வண்டியின் எஞ்சினை மணிக்கணக்கில் அணைக்காமலே ஓடவிடுகிறார்கள், வண்டிக்குத் தடித்த போர்வையும் போர்த்துகிறார்கள். 1941-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் மாஸ்கோவை நெருங்கிய ஜெர்மானியப் படையினர் தங்கள் வண்டிகளின் எஞ்சினுக்கு அடியில் தீ மூட்டிக் கிளப்பவேண்டியிருந்தது. அவர்களுடைய டாங்கிகள் பெட்ரோலில் ஓடியவை. எதிரே வந்த சோவியத் டி-34 டாங்கியில் இருந்ததுதான் டீசல் எஞ்சின். பேட்டரி கைவிட்டாலும் கிளப்புவதற்கென்று அழுத்தப்பட்ட காற்றுக் குப்பிகள் அதற்குள் இருந்தன. குளிருக்குள் பிறந்தவர்கள் குளிரைக் கணக்கில் வைத்தே கருவியைச் செய்திருந்தார்கள். நம் நாட்டிலும் லடாக்கில் டேங்க்குக்கு அடியில் நெருப்பு வைக்கும் லாரி ஓட்டுநர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்போம். மைனஸ் 33 டிகிரி வரை ஓட்டம் இழக்காத குளிர்கால டீசலை பானிபட் ஆலையில் தயாரித்து இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக்கில் விற்கத் தொடங்கியது 2019 நவம்பரில்தான்.

இனி அந்த இரவைச் சொல்லலாம். 2007 பிப்ரவரியின் முதல் வாரம். வெப்பமானி மைனஸ் 40-ஐ ஒட்டி நின்றது. அந்த ஓர் எண்ணில்தான் செல்சியசும் ஃபாரன்ஹீட்டும் சமமாகின்றன, அதற்குக் கீழே எந்த அளவுகோலில் சொன்னாலும் ஆறுதல் இல்லை. இரவு இரண்டரைக்கு மனைவிக்குப் பனிக்குடம் உடைந்தது. எந்நாளும் எண்ணிப்பாராத அந்தச் சொல்லின் முதற்பாதி அன்று விநோதமாகக் காதில் விழுந்தது. மருத்துவமனையில் கேட்டபோது உடனே கிளம்பி வாருங்கள் என்றார்கள். டாக்சிக்கு ஒன்றரை மணி நேரமாகும் என்று பதில் வந்தது, அந்தக் குளிரில் நகரமே டாக்சி கேட்டுக்கொண்டிருந்தது. அத்தை சாமிபடத்துக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டு, "வண்டி எடுக்குமுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

மாலையிலேயே காரைக் கம்பத்தில் செருகியிருந்தேன். வெளியே மூச்சிழுத்ததும் மூக்கினுள் ரோமங்கள் ஒட்டிக்கொண்டன. கதவு முனகிக்கொண்டு திறந்தது. இருக்கை கருங்கல்லாக இருந்தது. விளக்கு எரிந்து அணையும்வரை காத்திருந்து, சாவியை மீட்டு, மறுபடி காத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் சில விநாடிகள்தான். ஒரு முழுப் பிரார்த்தனைக்கு அது போதும். செல்ஃப் முனகியது, இழுத்தது, நான்காவது ஐந்தாவது சுழற்சியில் ஒரு சிலிண்டர் மட்டும் இருமியது, பிறகு மற்றவை சேர்ந்துகொண்டன. வெண்புகை எழுந்து கலையாமல் காருக்குப் பின்னால் சுவர்போல நின்றது. கம்பியைப் பிடுங்கியபோது அதன் நிறம் செம்மஞ்சளாக இருந்தது கண்ணில் பட்டது. எங்கள் கம்பி கறுப்பு. யோசிக்க நேரமில்லை. இரவெல்லாம் ஒரே இடத்தில் நின்று அடிப்பக்கம் தட்டையாகிப்போன டயர்கள் தடக் தடக்கென்று முதல் ஒரு மைலுக்கு அடித்துக்கொண்டன. ஒவ்வோர் அடிக்கும் பின்னிருக்கையில் மனைவி அத்தையின் கையை இறுக்கினாள். காலை ஒன்பது மணிக்கு மகள் பிறந்தாள்.

மறுநாள் மாலை உடை எடுப்பதற்காக வீடு திரும்பியபோதுதான் நடந்தது தெரிந்தது. எங்கள் வாடகை வீட்டின் பின்புற மின்துளைக்கு முந்தைய இரவு ஒன்பது மணிவாக்கில் மின்சாரம் நின்றுபோயிருக்கிறது. எங்கோ ஒரு பிரேக்கர் விழுந்துவிட்டது. வீட்டுக்குள் விளக்குகள் எரிந்ததால் எங்களுக்கு அது தெரிய வழியில்லை. கம்பிகளின் முனையில் மின்சாரம் வருவதைக் காட்டும் ஒரு சிறு விளக்கு உண்டு. நாயை வெளியே விட வந்த பெரியவர் பதினொரு மணிக்கு அது அணைந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். தன் கொட்டகையிலிருந்து நீளக் கம்பியை எடுத்து, வேலியைத் தாண்டிப் போட்டு, முழங்கால் பனியில் நடந்துவந்து, எங்கள் காரில் செருகிவிட்டுப் போயிருக்கிறார். கதவைத் தட்டவில்லை. கர்ப்பிணிப் பெண் உறங்கும் வீடு என்று தட்டாமல் விட்டிருப்பார். நன்றி சொல்லப் போனபோது, "விளக்கு எரியவில்லை" என்றார். அதற்குமேல் அதில் பேச ஒன்றுமில்லை என்பதுபோல் மகளின் எடை எவ்வளவு என்று கேட்டார்.

சில ஆண்டுகள் கழித்து நெடுநல்வாடையைத் திரும்ப வாசித்தபோது அந்த இரவு நினைவுக்கு வந்தது. பத்துப்பாட்டில் குளிரை இத்தனை நுணுக்கமாகச் சொன்ன பாட்டு வேறில்லை. அதில் வாடைக்காற்றில் யாழின் நரம்புகள் சுருதி திரிந்துவிடுகின்றன. ஆடல்மகளிர் தம் மார்பின் வெம்மையில் அவற்றைத் தடவி, இன்குரலை மீட்டுப் பண்ணில் நிறுத்துகிறார்கள். கல்லூரி நாள்களில் அதைச் சிருங்காரம் என்றுதான் படித்துக் கடந்தேன். குளிர்நாட்டில் வாழ்ந்தபின் படித்தால், கருவிகளை நன்கறிந்த ஒருவன் எழுதிய வரி அது என்று தோன்றுகிறது. குளிர்ந்த கருவி பாடாது. அதை எழுப்ப இன்னோர் உடம்பின் சூடு வேண்டும். பாட்டின் இறுதியில் அரசன் நள்ளிரவில், வாடை வீசும் பாசறையில், உறங்காமல் நடந்து, புண்பட்ட வீரர்களைப் பார்த்துவருகிறான். நக்கீரர் அதை ஓர் அரசனின் பெருமையாகச் சொன்னார். நான் அதை ஒரு பழைய விவசாயியிடம் கண்டேன்.

பெரியவர் 2014-இல் காலமானார். என் கார் அதற்கு முந்தைய ஆண்டே சாலை உப்பில் துருவேறிப் போய்விட்டது. 2015-இல் புகைச்சோதனை மோசடி வெளிப்பட்டபின் இந்நாட்டில் டீசல் கார்களின் விற்பனை விழுந்து, இப்போது அவை அருகிவிட்டன. லாரிகளிலும் பெரிய பிக்கப்புகளிலும் டீசல் தொடர்கிறது. புகையைச் சுத்திகரிக்க இப்போது அவற்றில் யூரியாக் கரைசல் ஒன்றையும் ஊற்றவேண்டும், அது மைனஸ் 11-இலேயே உறைந்துவிடுகிறது என்பதால் அதற்கும் தனியே ஒரு ஹீட்டர் உண்டு. மின்சாரக் கார்களுக்கு மெழுகுத் தொல்லை கிடையாது. ஆனால் அவற்றின் பேட்டரியும் குளிரில் சுருங்கத்தான் செய்கிறது, கிளம்புமுன் அதையும் காயவைக்கவேண்டியிருக்கிறது.

பெரியவரின் வீட்டில் இப்போது எரித்ரியாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருக்கிறது. அந்த இளைஞர் கட்டட வேலைக்காக ஒரு பழைய டீசல் பிக்கப் வாங்கியிருக்கிறார். முதற்குளிர்காலம். டேங்க்கைப் பாதிக்குக் கீழே இறங்கவிடாதே என்பதிலிருந்து தொடங்கி அவருக்கும் தவணை முறையில் சொல்லிவருகிறேன். இரவு கதவைப் பூட்டுமுன் பின்வாசல் சன்னலைத் திறந்து வேலிக்கு அப்பால் ஒருமுறை பார்த்துவிட்டுப் படுக்கப் போகிறேன். மகள் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருக்கும் நாள்களில் அந்த வேலையை அவள் எடுத்துக்கொள்கிறாள்.